அலை வடிந்த பிறகு: நல்லவாட்டிலிருந்து நாலுவேதபதி வரை

ஞாயிறு, நல்லவாடு

தடைக்காலத்தில் கடற்கரைக்குப் போய் என்ன பார்க்கப் போகிறாய் என்று வீட்டில் கேட்டார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குள் இறங்கக் கூடாது. மீன் வராது, ஏலம் கிடையாது, கரை காய்ந்து கிடக்கும். ஆனால் கரைக்காரர்களுக்கு உட்கார்ந்து பேசப் பொழுது கிடைப்பதும் இந்த நாட்களில்தான். அக்கினி நட்சத்திர வெயில் மட்டும் பேச்சுக்கு இடைஞ்சல்.

2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமி அலையைப் பற்றி எழுத எனக்கு ஆசையில்லை. அதைத் தொலைக்காட்சியில் போதும் போதும் என்கிற அளவுக்குப் பார்த்துவிட்டோம். அலை வடிந்த பிறகு கரைக்கு என்னென்ன வந்து சேர்ந்தன, யார் கணக்கில் எது ஏறியது என்பதைக் கேட்கத்தான் கிளம்பியிருக்கிறேன்.

புதுச்சேரிக்குத் தெற்கே கடலூர் சாலையில் இறங்கி உள்ளே போனால் நல்லவாடு. இந்த ஊரின் கதை ஒரு தொலைபேசி அழைப்பில் தொடங்குகிறது. சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த இந்த ஊர்க்காரர் ஒருவர், சுமத்ரா நிலநடுக்கச் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் பேசியிருக்கிறார். கடல் ஏதோ மாதிரி இருக்கிறது என்று இங்கிருந்து பதில் போயிருக்கிறது. உடனே ஊரைக் காலி செய்யுங்கள் என்றார் அவர். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே ஒரு தகவல் மையம் வைத்திருந்தது. கடல் நிலவரம், மீன் விலை எல்லாம் சொல்வதற்காக அதில் ஒலிபெருக்கி பொருத்தியிருந்தார்கள். பூட்டை உடைத்து உள்ளே போய் அந்த ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். சுமார் 3,600 பேர் மேட்டுப் பக்கம் ஓடினார்கள். வீடுகளும் படகுகளும் போயின. ஆட்கள் மிஞ்சினார்கள்.

நிலநடுக்கம் இந்திய நேரப்படி காலை 6.29க்கு. அளவு 9.1. சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடித் தரை பிளந்தது. இந்தியத் தட்டு பர்மாத் தட்டுக்குக் கீழே செருகிக்கொண்டிருக்கும் இடம் அது. அங்கே எழுந்த அலை ஆழ்கடலில் ஜெட் விமான வேகத்தில் வந்தும், நம் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இரண்டு மணி நேரம் என்பது ஒரு மாவட்டத்தையே நகர்த்தப் போதுமான அவகாசம். பசிபிக் கடலுக்கு எச்சரிக்கை மையம் இருந்தது, இந்தியப் பெருங்கடலுக்கு இல்லை. இந்த ஊருக்கு மட்டும் ஒரு மகன் சிங்கப்பூரில் இருந்தார்.

மையம் இருந்த தெருவைக் காட்டிய பெரியவரிடம், "ஐயா, அன்றைக்கு நீங்கள் ஓடினீர்களா?" என்று கேட்டேன். "ஓடாமல்? ஒலிபெருக்கியில் வழக்கமாக வருகிற குரல் இல்லை தம்பி, அழுகிற குரல்" என்றார்.

திங்கள், தேவனாம்பட்டினம்

கடலூர்க் கடற்கரையில் சுற்றுலா வருகிறவர்களின் கூட்டம் ஒரு பக்கம், மீனவர் தெரு மறுபக்கம். அந்தத் தெருவில்தான் சுற்றினேன்.

ஆக்ஸ்பாம் என்ற தொண்டு அமைப்பு 2005 மார்ச்சில் ஓர் அறிக்கை வெளியிட்டது. கடலூர் மாவட்டத்தில் இறந்தவர்களில் பெண்கள் 391, ஆண்கள் 146. இந்தத் தேவனாம்பட்டினத்தில் பெண்கள் 42, ஆண்கள் 21. பச்சாங்குப்பத்தில் இறந்தவர்கள் எல்லோருமே பெண்கள். வேறு எந்தப் பேரிடர்க் கணக்கும் என்னை இப்படி நிறுத்தி வைத்ததில்லை.

காரணம் கரைக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். காலை எட்டரை, ஒன்பது மணி என்பது படகுகள் திரும்பி வருகிற நேரம். மீன் பிரிக்கவும் ஏலம் எடுக்கவும் பெண்கள் கூடையோடு கரையில் நின்றிருந்தார்கள். ஆண்களில் பலர் இன்னும் கடலில். ஆழத்தில் சுனாமி அலை ஓர் ஏற்றம் போலக் கடந்து போய்விடும், படகில் இருப்பவருக்கு ஒன்றும் உறைக்காது. ஆழம் குறையக் குறையத்தான் அலையின் வேகம் குறைந்து உயரம் கூடும். கடலுக்குப் போனவர்கள் பிழைத்தார்கள், அவர்களுக்காகக் கரையில் காத்திருந்தவர்கள் போனார்கள்.

கருவாடு உலர்த்திக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் கையை நிறுத்தவில்லை. நெத்திலியை ஒவ்வொன்றாகத் தலை ஒரு பக்கம் வருகிற மாதிரி வலைமேல் பரப்பிக்கொண்டே, "புடவை நனைந்தால் கால் நடக்காது. நான் புடவையை அவிழ்த்துப் போட்டுவிட்டு ஓடினேன். பக்கத்தில் நின்றவள் கூச்சப்பட்டாள்" என்றார். அதற்கு மேல் எதுவும் கேட்கத் தோன்றவில்லை. கால் கிலோ நெத்திலி வாங்கிக்கொண்டேன். பையில் அது நாறப் போகிறது, நாறட்டும்.

கடல் முதலில் உள்வாங்கும், அதைப் பார்த்ததும் ஓட வேண்டும் என்று பள்ளிப் பாடத்தில் சொல்கிறார்கள். தாய்லாந்தில் அப்படித்தான் நடந்தது. ஆனால் பிளவுக்கு மேற்கே இருந்த நம் கரைக்கு முதலில் வந்தது பள்ளம் அல்ல, ஏற்றம். கடல் பின்வாங்கியதை இங்கே பலரும் பார்த்தது அலைகளுக்கு நடுவில்தான். மீன் துள்ளுகிறதே என்று இறங்கிய பிள்ளைகளை அடுத்த அலை எடுத்துக்கொண்டது. உள்வாங்கும் வரை காத்திருக்கலாம் என்று எந்தக் குழந்தையும் நினைத்துவிடாதபடி அந்தப் பாடத்தைத் திருத்த வேண்டும்.

செவ்வாய், பிச்சாவரம்

படகில் ஏற்றி அலையாத்திக் காட்டைச் சுற்றிக் காட்டினார்கள். சுரபுன்னையின் வேர்கள் சேற்றில் கால் ஊன்றி நிற்கும் காட்சியைப் பற்றி ஏராளமானோர் எழுதிவிட்டார்கள், விட்டுவிடுகிறேன்.

காடு கிராமங்களைக் காப்பாற்றியது என்ற செய்தி இங்கிருந்துதான் உலகம் முழுக்கப் போனது. 2005இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு, கடலூர் மாவட்டக் கரையில் மரங்கள் அடர்ந்த பகுதிக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று காட்டியது. அடுத்த ஆண்டே வேறு சிலர் எதிர்வாதம் வைத்தார்கள். அந்த ஊர்கள் கடலிலிருந்து தள்ளி இருந்தன, மேட்டில் இருந்தன, பிழைத்ததற்குத் தூரமும் உயரமும் போதுமான காரணங்கள், மரத்துக்கு ஏன் மாலை போடுகிறீர்கள் என்றார்கள்.

எனக்கு இரண்டாவது கட்சியின் பேச்சில் நியாயம் தெரிகிறது. காடு இருக்கும் இடத்தில் ஊர் தள்ளித்தான் இருக்க முடியும். தள்ளி இருக்க வைத்ததே காட்டின் உதவிதான் என்று முதல் கட்சி சொல்லலாம். படகு ஓட்டிய அண்ணன் இருவரையும் விட எளிதாக முடித்துவிட்டார்: "காடு இருந்தால் நண்டு இருக்கிறது. அதற்காகவே இருக்கட்டுமே."

புதன், தரங்கம்பாடி

1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. அதற்கு வடக்கே பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயில். சுனாமிக்கு வெகுகாலம் முன்பிருந்தே கடல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவந்திருக்கிறது. இப்போது முன்னால் கருங்கற்களைக் கொட்டித் தடுத்திருக்கிறார்கள். சுற்றுலாப் பயணிகள் இரண்டையும் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நான் பார்க்க வந்தது புதுக் குடியிருப்பை.

சுனாமிக்குப் பிறகு 2005 மார்ச்சில் வந்த அரசாணை, கடலிலிருந்து 200 மீட்டர் என்று ஒரு கோடு போட்டது. கோட்டுக்கு வெளியே புதிய வீடு தரப்படும். கோட்டுக்குள்ளேயே இருக்க விரும்புகிறவர்கள் இருக்கலாம், ஆனால் அரசு உதவி கிடையாது. மீனவரை வற்புறுத்தவில்லை என்றும் சொல்லிக்கொள்ளலாம், கரையைக் காலி செய்யவும் வைக்கலாம். எழுதியவர் கெட்டிக்காரர்தான்.

நூற்றுக்கணக்கான தொண்டு நிறுவனங்கள் வீடு கட்ட வந்தன. வெளியிலிருந்து வந்த பணத்துக்குக் கெடு தேதி உண்டு. பல ஊர்களில் மரங்களை வெட்டி, தரையை மட்டமாக்கி, ஒரே அளவில் வரிசை வரிசையாகக் கான்கிரீட் வீடுகளை இறக்கினார்கள். சேதமே ஆகாத ஓட்டு வீட்டை இடித்தால்தான் புது வீடு என்றும் சில இடங்களில் நடந்தது. தரங்கம்பாடியில் ஊர்க்காரர்களைக் கேட்டு, அவரவர் மனைக்கேற்ப வரைபடம் போட்டுக் கட்டினார்கள் என்று படித்திருந்தேன். நடந்து பார்த்ததில் அது தெரிகிறது. திண்ணைகள் இருக்கின்றன. வேப்பமரங்கள் மிஞ்சியிருக்கின்றன.

அப்படி இருந்தும், நான் நுழைந்த வீட்டில் கூரைத் தளத்தின் அடிப்பூச்சு பெயர்ந்து கம்பி வெளியே தெரிந்தது. உப்புக் காற்று கம்பியைத் துருவாக்குகிறது, துரு உப்பிக் கான்கிரீட்டைத் தள்ளுகிறது. கதவுக்கு மேலே பளிங்குப் பலகையில் கொடுத்தவர் பெயர் மட்டும் பளபளவென்று இருந்தது. வீட்டுக்கு முன்னால் கீற்றுக் கொட்டகை போட்டு, குடும்பம் அங்கேதான் உட்கார்ந்திருந்தது. உள்ளே மே மாதத்தில் யாரும் இருக்க முடியாது.

"பட்டா யார் பெயரில் அம்மா?"

"இரண்டு பேர் பெயரிலும். அது ஒன்று நல்லது செய்தார்கள்" என்றார். கணவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வியாழன், நாகப்பட்டினம்

தமிழ்நாட்டில் சுனாமிக்கு இறந்தவர்கள் ஏறக்குறைய 8,000 பேர். அதில் 6,000க்கும் மேற்பட்டோர் அன்றைய நாகை மாவட்டத்தில். கடுவையாற்றுக்கு அந்தப் பக்கம் அக்கரைப்பேட்டையும் கீச்சாங்குப்பமும் கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் சிக்கிய ஊர்கள். ஓடவும் பக்கம் இல்லை. விசைப்படகுகள் தூக்கி வீசப்பட்டு ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.

இன்று அதே துறைமுகத்தில் தடைக்காலத்துக்காக ஒதுக்கிய படகுகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. பெயின்ட் அடிக்கிறார்கள், இஞ்சினைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். வலை கட்டிக்கொண்டிருந்த ஒருவரின் அருகில் உட்கார்ந்தேன். வலையின் ஓரத்தைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொள்கிறார். வலது கையில் நைலான் நூல் சுற்றிய ஊசி. கிழிந்த கண்ணுக்குள் ஊசி போய், இடது கைவிரலைச் சுற்றி, முடிச்சு விழுகிறது. முடிச்சை அவர் பார்ப்பதே இல்லை, என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"அண்ணே, சுனாமிக்கு முன்னால் படகு அதிகமா, இப்போதா?"

"இப்போதுதான். முன்னே கட்டுமரம். அதற்குப் பிறகு படகு கொடுக்கிறேன் என்று வந்தவர்கள் எல்லோரும் ஃபைபர் படகு கொடுத்தார்கள். படகே இல்லாதவனுக்கும் கிடைத்தது. மீன்தான் யாரும் கொடுக்கவில்லை."

இதைவிடச் சுருக்கமாக மீன்வளக் கொள்கையை யாரும் விமர்சிக்க முடியாது. கட்டுமரத்துக்குப் பாயும் துடுப்பும் போதும். ஃபைபர் படகுக்கு இஞ்சின் வேண்டும், எண்ணெய் வேண்டும், அதற்குக் கடன் வேண்டும். படகு தானமாக வந்தது, செலவு நிரந்தரமாக வந்தது.

வெள்ளி, இன்னும் நாகை

நிவாரணம் எப்படிப் பிரிக்கப்பட்டது என்பதைக் கேட்கவே ஒரு நாள் கூடுதலாகத் தங்கினேன்.

மீனவர் ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்து வலுவானது. வரி, பங்கு, திருவிழா எல்லாம் தலைக்கட்டுக் கணக்கில்தான். தலைக்கட்டு என்றால் திருமணமான ஆண், அவன் குடும்பம். அரிசி மூட்டை வந்தாலும் பாத்திரம் வந்தாலும் பஞ்சாயத்தார் மொத்தமாக வாங்கித் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று பிரித்தார்கள். ஒரு வகையில் அதனால்தான் பெரிய சண்டை இல்லாமல் பிரிந்தது. வெளியிலிருந்து வந்த எந்த அதிகாரியாலும் அந்த வேகத்தில் செய்திருக்க முடியாது. ஆனால் கணவனை இழந்தவள் பல ஊர்களில் தலைக்கட்டு இல்லை. அலையில் கணவன் போனவளுக்கு, கணவன் போன காரணத்தாலேயே பங்கு குறைந்தது அல்லது இல்லாமலே போனது. பெண்கள் குழுக்கள் சண்டை போட்டுத்தான் சில ஊர்களில் இது மாறியது. இறந்தவருக்கு மத்திய அரசின் ஒரு லட்சம், மாநில அரசின் ஒரு லட்சம் என்று இரண்டு லட்சம் ரூபாய் வந்தபோது, அந்தப் பணத்துக்கு உறவுக்காரர்கள் வந்த கதைகள் தனி. அவற்றை இங்கே எழுத மாட்டேன். சொன்னவர்கள் இன்னும் அதே உறவுகளோடுதான் வாழ்கிறார்கள்.

பிள்ளைகளை இழந்த தாய்மார்களில் பலர் ஏற்கெனவே குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவர்கள். அவர்களுக்குக் கருக்குழாயை மீண்டும் இணைக்கும் அறுவைச் சிகிச்சையை அரசு இலவசமாகச் செய்து தந்தது. பலருக்குப் பலித்தது, பலருக்கு இல்லை. பலித்தவர் ஒருவரைச் சந்தித்தேன். மகன் கல்லூரியில் படிக்கிறான். போன மகனின் பெயரையே வைத்திருக்கிறார்கள். "அவனுக்கு அது பிடிக்கவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டான். வேறு பெயர் சொல்லித்தான் நண்பர்கள் கூப்பிடுகிறார்கள்" என்று அந்த அக்கா சிரித்தார்.

சுனாமிக்குப் பிறகு ஆட்சியராக வந்த ஜெ. ராதாகிருஷ்ணனை இங்கே இன்னும் மரியாதையோடு நினைக்கிறார்கள். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காகத் தொடங்கிய அன்னை சத்யா அரசு காப்பகத்தில் வளர்ந்தவர்கள் இன்று குடும்பஸ்தர்கள்.

சனி, வேளாங்கண்ணி

கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. கோயிலுக்குள் திருப்பலி, வெளியே கடற்கரையில் வெளியூர்க் கூட்டம். தண்ணீர் கோயிலுக்குள் நுழையவில்லை. சுற்றியிருந்த கடைகளையும் கரையில் நின்றவர்களையும் கொண்டுபோனது. கேரளத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வந்த பலர் அடையாளம் தெரியாமலே மொத்தமாகப் புதைக்கப்பட்டார்கள். ஒவ்வொரு டிசம்பர் 26 அன்றும் இங்கே ஊர்வலமும் பிரார்த்தனையும் நடக்கின்றன. மற்ற நாட்களில் கூட்டம் கடலில் குளிக்கிறது. அதில் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

எச்சரிக்கை ஏற்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹைதராபாதில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் 2007 அக்டோபரில் செயல்படத் தொடங்கியது. நிலநடுக்கமானிகள், ஆழ்கடல் அழுத்தமானிகள், கரையோர அலைமானிகள் மூன்றையும் சேர்த்துப் பார்த்து அறிவிக்கிறார்கள். பெரிய சோதனை 2012 ஏப்ரல் 11 அன்று வந்தது. சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலநடுக்கம். எச்சரிக்கை வந்தது, இந்தக் கரை முழுக்க ஓடியது. கடலடிப் பாறை பக்கவாட்டில் நகர்ந்ததால் தரை பெரிதாக மேலெழவில்லை, ஆபத்தான அலையும் வரவில்லை. வராததற்கு ஓடினோம் என்று யாரும் குறைப்படவில்லை. தங்கும் விடுதிக்காரர் மட்டும், அன்றைக்கு வாடகை கொடுக்காமல் ஓடிய இரண்டு குடும்பங்களை இன்னும் மறக்கவில்லை.

ஞாயிறு, நாலுவேதபதி

வேதாரண்யம் பஸ்ஸில் வழியில் இறங்கினால் இந்த ஊர். 2002 டிசம்பரில் ஒரே நாளில் 80,244 மரக்கன்றுகள் நட்டுக் கின்னஸ் புத்தகத்தில் ஏறினார்கள். சாதனைக்காக நட்ட சவுக்கும் தென்னையும் இரண்டே ஆண்டில் அலையின் வேகத்தைத் தாங்கி நின்றன என்பதுதான் அன்று எல்லாப் பத்திரிகைகளிலும் வந்த செய்தி. அதன் பிறகு கரை முழுக்கச் சவுக்கு நட்டார்கள், சில இடங்களில் நல்ல மணல் மேடுகளையே மட்டம் செய்துவிட்டு நட்டார்கள். மணல் மேடு தானே ஓர் அரண் என்பதும், ஆமைகள் முட்டையிடுவது அந்த மணலில்தான் என்பதும் நட்டவர்களுக்கு உறைக்கவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் வந்து இந்தப் பக்கத்து மரங்களை லட்சக்கணக்கில் சாய்த்தது. கடல் விட்டதைக் காற்று எடுத்தது என்கிறார்கள்.

கடலிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் வயல் பக்கம் நடந்தேன். கடல்நீர் புகுந்த வயலில் அடுத்த ஆண்டு ஒன்றும் விளையாது என்றுதான் பலரும் நினைத்தார்கள். மேலே படிந்த கடல் சேற்றைச் சுரண்டி எடுத்தார்கள், வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி வடித்தார்கள், தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் செடியை விதைத்து மடக்கி உழுதார்கள். இயற்கை வேளாண்மைக்காரர் நம்மாழ்வார் இந்தப் பகுதியில் ஊர் ஊராக நடந்து இதைச் சொல்லிக்கொடுத்தார். 2005இல் வடகிழக்குப் பருவமழை கொட்டியது, உப்பு கீழே இறங்கியது.

நிலம் வைத்திருந்தவர்கள் மீண்டார்கள். அந்த நிலத்தில் கூலிக்கு நடவு செய்தவர்கள்? அப்படி ஒருவரைக் களத்துமேட்டுப் புளியமரத்தடியில் பிடித்தேன், வயது எழுபது இருக்கும். நிவாரணம் கேட்டு வரிசையில் நின்றபோது, நீங்கள் மீனவர் இல்லையே என்றார்களாம். பிறகு வேறொரு குழு வந்து படிவம் நிரப்பியிருக்கிறது. அதில் இழந்த சொத்து என்று ஒரு கட்டம். அவருடைய கணவர், "ஒரு போகம் நடவு, ஒரு போகம் அறுப்பு என்று எழுதிக்கொள் தம்பி" என்று சொல்லியிருக்கிறார். எழுதிக்கொண்டிருந்த பையன் பேனாவை நிறுத்திவிட்டு, "ஆடு மாடு ஏதாவது இருந்ததா தாத்தா?" என்று கேட்டிருக்கிறான்.

இரண்டு ஆடுகள் இருந்தன. அவற்றை எழுதிக்கொண்டு போனான். ஆட்டுக்குப் பணம் வந்தது.